ஹஜ்ரத்துக்கு முப்பத்தொரு மார்க்

“இன்னொரு வாட்டி ஓதுறீங்களா ஹஜ்ரத்?”

நஜியா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். குர்ஆன் ஓதும் உச்சரிப்பைக் கேட்டு மார்க் போடும் மென்பொருள்தான் அவளுடைய எம்.சி.ஏ. கடைசி வருட புராஜெக்ட். கடலூரில் முப்பது வருடமாக ஓதிக்கொடுக்கும் கிபாயத்துல்லா ஹஜ்ரத்துக்கு அது போட்டது நூற்றுக்கு முப்பத்தொன்று.

மறுபடி ஓதினார். இருபத்தெட்டு.

“எவ்ளோம்மா வருது?”

“மைக்கு சரியில்ல ஹஜ்ரத்.”

மறுநாள் புது மைக் வாங்கி வந்தாள். இருபத்திரண்டு. இந்த முறை அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“நல்ல மைக்குதான்” என்றார். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழவைக்க அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

நஜியாவுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு அலிஃப் என்ற முதல் அரபு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஓதுவதில் தப்பு இருக்குமா? மெஷின் கற்றுக்கொண்ட பாடத்தில்தான் கோளாறு. பல ஊர்களில் தேர்ந்தவர்களிடம் சேகரித்து அதற்குப் பாடமாகக் கொடுத்திருந்த நானூறு பதிவுகளையும் அழித்தாள். ஹஜ்ரத்தைக் கெஞ்சி மூன்று நாள் ஓதவைத்து, ‘இதுதான் சரி’ என்று மெஷினுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாள்.

தொண்ணூற்றெட்டு!

அடுத்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் அத்தர் பூசிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை சிதம்பரத்தில் ரெவ்யூ. பேராசிரியர் தட்சிணாமூர்த்தி, அரபு நாட்டில் பெயர்பெற்ற ஒருவர் ஓதிய சி.டி.யைப் போடச் சொன்னார்.

ஒன்பது மார்க்.

இன்னொரு சி.டி. ஏழு.

“ஒங்க ஹஜ்ரத்தத் தவிர ஒலகத்துல யாருக்குமே ஓதத் தெரியாதாம்மா?”

“சார்…”

“பழைய பதிவுங்கள வெச்சு ஓட்டிக் காட்டு.”

“அழிச்சிட்டேன் சார்.”

“காப்பி?”

“அதுவும் இல்ல சார்.” புராஜெக்ட் ஃபெயில். ஜூலையில் சேரவேண்டிய சென்னை வேலையும் போனது. கடலூர் வரும்வரை பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதாள். இறங்கியதும் நேராக ஹஜ்ரத் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி ஆசியா உம்மாள்.

“ஹஜ்ரத்கிட்ட மன்னிப்பு கேக்கணும் மாமி. பொய் சொல்ற மெஷின செஞ்சி, அவர் மனச நோகடிச்சி, என் படிப்பையும் தொலைச்சிட்டேன்.”

ஆசியா உம்மாள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“பொய்யா? புதுப் பல்செட்டு கட்டுனதுலேருந்து அவருக்கு ‘ஸ’வே வரலம்மா, ஊரே மரியாதைக்கு வாய மூடிக்கிட்டு இருந்துச்சு, ஒன் மெஷினு ஒண்ணுதான் தெகிரியமா சொல்லிச்சு!”