நாற்பது எம்.எம். நிம்மதி

கீழ்வீட்டுப் பத்ரிநாத் காபி டம்ளரும் கையுமாகப் படியேறி வந்தபோது தினேஷின் ஜிம்மில் ரித்விக் டெட்லிஃப்ட் அடித்துக்கொண்டிருந்தான். பகலில் கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளை. தூக்கிய கம்பியை மெதுவாக இறக்கியிருக்கலாம். ஆனால் நடுவில் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டான். அப்படியே போட்டான். மொசைக் தரை அதிர்ந்தது.

"இதைத்தான் சொல்ல வந்தேன்," என்று பத்ரிநாத் டம்ளரை நீட்டினார். "குடிச்சுப் பாருங்கோ."

"நான் காபி குடிக்கறதில்ல சார்," என்றான் தினேஷ்.

"ஒரு மாசமா நானும்தான் குடிக்கறதில்லை. உள்ளே என்ன மிதக்கறது பாருங்கோ."

தினேஷ் எட்டிப் பார்த்தான். சுண்ணாம்பு. கீழ்வீட்டுக் கூரையிலிருந்து நேராக டம்ளருக்குள் இறங்கியிருந்தது.

"நான் சண்டைக்கு வரலை. தரைக்கு ஏதாவது பண்ணுங்கோ. இந்த மாசக் கடைசிக்குள்ளே சத்தம் நிக்கலைன்னா கம்ப்ளெயிண்ட் குடுத்து ஜிம்மை மூடிடுவேன். கோர்ட்டுப் படி ஏறறது எனக்கொண்ணும் புதுசில்லை," என்று சொல்லிவிட்டு, பத்ரிநாத் வந்த மாதிரியே மரியாதையாக இறங்கிப் போனார். கத்துகிற ஆளைச் சமாளித்துவிடலாம். மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

தினேஷ் வாசலுக்கு வந்து தன் போர்டை அண்ணாந்து பார்த்தான். இந்திராநகரில் ஒரு பெரிய ஜிம்மில் வருஷக்கணக்காக அடுத்தவன் தொப்பையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் மர்பி டவுனில் சொந்தமாக போர்டு மாட்டியிருக்கிறான். இதை மூடினால் மறுபடியும் அதே வாசலில் போய், "சார், வேலை இருக்கா?" என்று நிற்க வேண்டும். அதைவிட ரித்விக் தூக்கிப் போடும் கம்பிக்கடியில் படுத்துக்கொள்ளலாம்.

மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் சொந்தக்காரரான சந்திரம்மாவிடம் நேரே ஓடினான். அவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஜிம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஊரில் மற்ற ஓனர்களெல்லாம் கதவைச் சாத்தியபோது, அன்றைக்கே சாவியை எடுத்துக் கொடுத்த புண்ணியவதி.

"அம்மா, கீழ்வீட்டு சார் கம்ப்ளெயிண்ட் குடுக்கப்போறாராம்."

சந்திரம்மா டி.வி.யை அணைத்தார். "ஐயையோ. ஏனாம்?"

"சத்தமாம். காலைல தூக்கமே இல்லையாம்."

"தூக்கமே இல்லையாமா? பாவம். சாப்பாடாவது எறங்குதாமா?"

"காபிகூட எறங்கலியாம்மா."

"த்சொ த்சொ," என்றார் சந்திரம்மா. "ஹோக்லி பிடுப்பா, போனாப் போவட்டும். ஜிம்முன்னா சத்தம் வரத்தான் செய்யும். அதுக்காவ பொழப்பை உட்டுருவியா? நீ பாட்டுக்கு நடத்து. இன்னும் பெருசு பெருசா வெயிட்டு வாங்கிப் போடு. அப்பத்தான் புள்ளைங்க வருவாங்க."

தினேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடிக்கிற பெங்களூரில் இப்படியும் ஒரு ஓனரம்மாவா! இந்த மகராசி வீட்டுக்குத் தன்னால் போலீஸ் வரலாமா? கூடவே கூடாது. தரையை மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினான்.

அடுகோடியில் ஆஷ்லி என்பவன் ஜிம்முக்கான ரப்பர் தரை விற்றுக்கொண்டிருந்தான். பிரேசர் டவுன்காரன். வாயும் ரப்பர் மாதிரியே, இழுத்த இழுப்புக்கு வரும்.

"வாங்க பிரதர். ஹோம் ஜிம்மா, கமர்ஷியலா?"

"கமர்ஷியல்தான். ஆனா கீழ ஹோம் இருக்கு."

"கஷ்டம் மேன்," என்ற ஆஷ்லி ரகம் ரகமாக எடுத்துப் போட்டான். சுருட்டி வைத்தது, சதுரமாக வெட்டியது, கறுப்பு, கறுப்பில் நீலப் புள்ளி, கறுப்பில் சிவப்புப் புள்ளி. "புள்ளி ஏற ஏற ரேட்டும் ஏறும். எல்லாரும் மெஷினைப் பாப்பாங்க பிரதர். நான் ஒரு ஜிம்முக்குள்ள போனா தலையே நிமிர மாட்டேன்."

தினேஷ் தலையை நிமிர்த்தி விலைப் பலகையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த மெத்து மெத்தென்ற வண்ண அட்டைகளைக் காட்டினான். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஜாதி.

"இது போதுமே?"

"யோகாவுக்கு நல்லாருக்கும்," என்றான் ஆஷ்லி. அதற்குமேல் தடுக்கவில்லை. முதல் தடவையே சரியானதை விற்றுவிட்டால் வாடிக்கையாளர் மறுபடி எதற்கு வரப்போகிறார்?

அட்டைகளைப் பரப்பியதும் ஜிம் அங்கன்வாடி மாதிரி ஆகிவிட்டது. சிவப்பில் ஒருவன் நிற்க, மஞ்சளில் ஒருவன் குந்த, பச்சையில் ரித்விக் எடையைத் தோளில் ஏற்றினான். கால் பொதக்கென்று உள்ளே போயிற்று. சாய்ந்தான். அவன் சாய்ந்ததில் டம்ப்பெல் ஸ்டாண்டும் சாய்ந்தது. அதுவரை ஒன்றொன்றாக விழுந்துகொண்டிருந்தவை அன்றைக்குக் கூட்டாக விழுந்தன.

கீழிருந்து குரல் வந்தது. "நன்னாயிருக்கு! ரொம்ப நன்னாயிருக்கு!"

தினேஷ் மறுபடியும் அடுகோடிக்கு ஓடினான். இந்தத் தடவை பழைய டயரை அரைத்து அழுத்திச் செய்த கட்டைகள். கனமானவை, அசையாதவை. சத்தமும் பாதியாகக் குறைந்தது. ஆனால் தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மழைக்காலம், ஜன்னலெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். டயர் நாற்றம் போக வழியில்லாமல் படி வழியாகக் கீழே இறங்கியது.

பத்ரிநாத் மூக்கில் துண்டோடு வந்தார். "ஒசூர் ரோட்டு சிக்னல்லே லாரிக்குப் பின்னாடி நிக்கறாப்பலே இருக்கு எங்காம். பூஜை ரூம்லே பெருமாளே மூக்கைப் பொத்திண்டிருக்கார்."

வழியில் மார்க்கெட்டில் பார்த்த சந்திரம்மாவிடம் தினேஷ் இதையும் ஒப்பித்தான்.

"நாத்தமா? ரொம்பவா?"

"ரொம்பத்தாம்மா. தலைசுத்துதுன்னாரு."

"பாவம்ப்பா மனுஷன்," என்று சந்திரம்மா பையில் ஒரு முருங்கைக்காயைச் சேர்த்துப் போட்டு அவனிடம் கொடுத்தார். "ஜன்னலை மட்டும் தொறந்துறாத. மழைத்தண்ணி உள்ள வந்துரும்."

தன்னைப் பெற்ற தாய்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை என்று நினைத்துக்கொண்டே தினேஷ் ஆஷ்லிக்கு போன் போட்டான்.

"புது ரப்பர் அப்படித்தான் மேன். சோப்புத் தண்ணியை லைட்டாத் தொட்டுத் துடைச்சு, காத்தாட விடுங்க."

லைட்டாக என்ற வார்த்தை ஜிம்மில் யாருக்கும் புரியாது. பக்கெட் பக்கெட்டாகக் கொட்டினார்கள். சும்மா வந்தவன்கூட ஒரு பக்கெட் ஊற்றினான். ரித்விக் தண்ணீரைத் தூக்குவதையே ஒரு செட் என்று கணக்கு வைத்தான். கட்டைகளின் இடுக்கில் இறங்கிய தண்ணீர் மொசைக் விரிசலைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தது.

இம்முறை பத்ரிநாத் குடையோடு வந்தார். அதை மடக்காமலே வாசலில் நின்றார்.

"வெளியிலே மழை விட்டுடுத்து. எங்காத்துக்குள்ளேதான் விடலை." குடையை ஒரு தரம் உதறினார். "தினேஷ், எனக்கு உங்கமேலே கோபம்கூட வரமாட்டேங்கறது. இன்னும் ஒரு வாரத்திலே மாசக் கடைசி. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று தினேஷ் சாப்பிடவில்லை. கையிலிருந்த பைக்கை விற்றான். பஸ் ஏறி அடுகோடி போனான்.

"ஆஷ்லி, எது நல்லதோ அதைக் குடு. நான் எதையும் பாக்கமாட்டேன். விலையைக்கூட."

இந்த வார்த்தைக்காகத்தான் ஆஷ்லி இத்தனை நாள் காத்திருந்தான். உள்ளே போய் ஒரு கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்பது எம்.எம். தடிமன். நெஞ்சு உயரத்திலிருந்து பெரிய டம்ப்பெல்லை அதன்மேல் போட்டான். தினேஷ் காதைப் பொத்திக்கொண்டான். பொத்தத் தேவையே இருக்கவில்லை.

"விழுந்துச்சா?"

"விழுந்து ரெண்டு செகண்டு ஆச்சு பிரதர்."

மறுநாளே சுவருக்குச் சுவர் பதித்தார்கள். பதித்து முடித்து வெளியே வரப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு, தரையோ ஏறிவிட்டது. ரித்விக் உள்ளேயிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் பனியனோடு கலந்துகொண்டான். ஆசாரி ஜன்னல் வழியாக வந்து கதவின் அடியை அறுத்தார். அதன்பின் உயரமான ஒருவன் கம்பியைத் தலைக்குமேல் தூக்க, ஃபேன் இறக்கை வளைந்தது. ஃபேனைக் கழற்றினார்கள். வேர்த்துக் கொட்டியது. வேர்க்கத்தானே காசு கட்டுகிறீர்கள் என்று தினேஷ் வாயை அடைத்துவிட்டான்.

ஆனால் சத்தம்? மருந்துக்கும் இல்லை.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து கிளம்பியது. "அண்ணா, நூறு கிலோ போட்டேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல," என்று ரித்விக் அழாக்குறையாகச் சொன்னான். "சத்தமே வராத ஜிம்முல தூக்கறதும் ஒண்ணு, வீட்டுல சிலிண்டர் தூக்கறதும் ஒண்ணு."

குறையை ஈடுகட்ட எல்லோரும் வாயால் சத்தம் போட ஆரம்பித்தார்கள். தினேஷ் அதையும் தடை செய்தான். உறுமக் கூடாது, 'அம்மா' என்று கத்தக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும். ஜிம் லைப்ரரி மாதிரி நடந்தது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். போனால் போகட்டும், கடை மூடாமல் இருந்தால் சரி.

மாசக் கடைசியன்று பத்ரிநாத் வந்தார். கையில் டம்ளர் இல்லை, குடை இல்லை. ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு இருந்தது.

"நாலு நாளா குழந்தை மாதிரி தூங்கறேன். இன்னிக்குக் காபிகூட ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சேன்." தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்டே சொல்றதுக்கு என்ன? காலி பண்ணிண்டு பொண்ணாத்துக்கே போயிடலாம்னு சாமானெல்லாம் கட்டிப்பிட்டேன். இப்போ திரும்பப் பிரிச்சாச்சு. இருபத்திரெண்டு வருஷமா அதே பழைய வாடகைக்கு இருக்கற ஆம். இனிமே என்னை இங்கேர்ந்து ஒருத்தராலேயும் கிளப்ப முடியாது!"

தினேஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைசூர்பாகோடு சந்திரம்மா வீட்டுக்குப் பறந்தான். ஒன்று விடாமல் சொன்னான். கட்டிய சாமானைப் பிரித்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னான், அவ்வளவு பெருமை.

சந்திரம்மா கையில் எடுத்த மைசூர்பாகைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தார்.

"கட்டிட்டாராமா சாமானை?"

"கட்டிட்டாரும்மா. நான் ரப்பர் போடறதுக்கு ரெண்டு நாள் லேட்டாயிருந்தா போயிருப்பாரு!"

சந்திரம்மா டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, "அடுத்த மாசத்துக்குள்ள எடத்தைக் காலி பண்ணிக் குடுத்துருப்பா. வேற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றார்.

"அம்மா! நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பா? நீ ரொம்ப நல்லவன்ப்பா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். இவ்வளவு எரிச்சலோடு யாரும் யாரையும் நல்லவன் என்று சொல்லி தினேஷ் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஜிம் நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நிச்சயம் எவனோ கூடுதலாக வாடகை தருகிறேன் என்று ஆசை காட்டியிருக்கிறான். பணம் பத்தும் செய்யும், சந்திரம்மா மட்டும் விதிவிலக்கா?

அந்த நேரம் பார்த்துப் பெரிய மீசைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"நான் ராஜேந்திரன். பேண்டு செட்டு வச்சிருக்கேன் சார். கல்யாணம், சாவு, ஊர்வலம், எல்லாத்துக்கும் போவோம். முப்பது டிரம்மு. ப்ராக்டீஸ் பண்ண எடமே கெடைக்கல, எங்க போனாலும் தொரத்தறானுங்க. ஓனரம்மாதான் கூப்புட்டுக் குடுத்தாங்க."

தினேஷ் துள்ளி எழுந்தான். "முப்பது டிரம்மா? இங்கயா? எவ்ளோ வாடகை பேசினீங்க? சொல்லுங்க, அதுக்கு மேல நான் தரேன்!"

ராஜேந்திரன் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அதான் சார் எனக்கே புரியல. வெடிகாலைலயே அடிக்க ஆரம்பிச்சிரணும், இந்த ரப்பரை ஒரு துண்டு விடாம பிச்சு எறிஞ்சிரணும், கீழ்வீட்டுக்காரர் காலி பண்ற வரைக்கும் வாடகையே வேணாம்னுட்டாங்க."