பெட்டி விற்பனைக்கு இல்லை, மச்சான்

சேசு மரி சூசை துணை

ஆனைக்கரை,
திங்கட்கிழமை காலை.

என் வீட்டுக்காரிக்கு மூத்த அண்ணனும், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் மைக் செட் தொழிலுக்கே மூத்தவருமான இன்னாசி மச்சான் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை சுவக்கீன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

பெட்டி பேசிவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு வாய் திறந்தது, ஞாயிறு திருவிழா முழுக்கப் பேசியது, ஓர் இடத்தில்கூட இருமவில்லை. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் ஜீப் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். பெட்டி விற்பனைக்கு இல்லை.

இங்கே நானும் செபமாலையும் நலம். மழை விட்டுவிட்டது. அங்கே அக்காவின் முட்டிவலி எப்படி என்று கேட்டதாகச் சொல்லவும். இதையெல்லாம் முதலில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் மரியாதை. ஆனால் பாதிக் கடிதம் படிப்பதற்குள் நீங்கள் ஜீப்புக்கு டீசல் அடித்துவிடுவீர்கள் என்று பயந்து முந்திக்கொண்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் கோபத்தில் ஏதாவது சொல்லுவேன், பிறகு யார் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் ஞாபகம் இருக்காது. எழுத்தில் இருந்தால் பேச்சு மாறாது.

வெள்ளிக்கிழமை மதியம் நான் உங்களைக் கூப்பிட்டு, "மச்சான், இந்தச் சனியனைப் பாதி விலைக்கு எடுத்துக்கோங்க" என்றது உண்மைதான். மறுக்கவில்லை. நீங்கள் மூச்சுக்கூட விடாமல் "சரிங்க மாப்ள, அடுத்த வெள்ளி வர்றனுங்க" என்றீர்கள். அந்த வேகத்திலேயே அது நல்ல சாமான் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாள் ஊமைப் பெட்டியோடு குடும்பம் நடத்தியவனுக்கு யாவார புத்தி வேலை செய்யவில்லை.

எதற்கு அவ்வளவு பதற்றம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். போன வருடம் நம் அந்தோணியார் திருவிழாவுக்கு பிஷப் ஆண்டவர் வந்து பிரசங்கம் வைத்தபோது என் பழைய ஆம்ப்ளிபயர் கூடவே "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரான விகாரியச்சன் என்னைக் கூப்பிட்டு, "சுவக்கீனே, பிதாவு பிரசங்கிச்சப்போ கூடெ ஒரு தேனீச்சயும் பிரசங்கிச்சல்லோ" என்றார். ஊரே சிரித்தது. அது போதாதென்று, முற்றத்தில் குறுக்கே கிடந்த என் தடி வயரில் சப்பரம் தூக்கிய ஆள் ஒருவன் தடுக்கி, அந்தோணியாரே ஒரு பக்கம் சாய்ந்து என்னைப் பார்த்தார். இந்த வருடம் அச்சன் முடிவாகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் மாதா சொரூபம் இருக்கிற கெபி, மணிக்கூண்டு, கல்லறைத் தோட்டத்து மதில், சாப்பாட்டுப் பந்தல், ரோட்டு வளைவு என்று ஐந்து இடத்தில் நின்று கேட்பார். இரைச்சல் இல்லாமல் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் கட்டப்பனை மைக் செட் பார்ட்டி ஞாயிறு விடியலில் லாரியோடு வந்து இறங்குவான். பத்தொன்பது வருடம் பிடித்து வைத்த கோயில், மச்சான். பெரிய கோயில் போனால் அதற்குக் கீழே இருக்கிற பதினோரு குருசடிக் குட்டிக் கோயிலும் பின்னாலேயே போகும். ஒரே ஒரு ஹாரனையும் கார் பேட்டரியையும் தோளில் சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான். அறுபதை நெருங்குகிற வயதில் மறுபடி அதே தோளில் ஏலக்காய் மூட்டை சுமக்க முடியாது.

அதனால்தான் எர்ணாகுளத்திலிருந்து இந்தப் பெட்டி. மேடையில் இருக்கிற பதினாறு மைக்கையும் இது தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு, ஒல்லியான நெட் வயர் ஒன்றின் வழியாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு அனுப்பிவிடும். நம் பழைய வயர் மலைப்பாம்பு என்றால் இது நூல்பாம்பு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும், அதற்கு சுவிட்ச் என்று பெயர். போடவும் அணைக்கவும் அதில் ஒரு பொத்தானும் கிடையாது. வரிசையாக எட்டு ஓட்டையும் எட்டு பச்சை லைட்டும்தான். சுவிட்ச் என்று பெயர் வைத்தவனைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

வாங்கின கடையில் ஜிஸ்மி என்று ஒரு என்ஜினியர் பிள்ளை. நேரில் வர ஆளில்லை, போனில் சொல்லித்தருகிறேன் என்றது. நல்ல பிள்ளை, பொறுமையான பிள்ளை. அந்தப் பொறுமையை நான் சோதித்த அளவுக்கு அதன் மாமியார்கூட இனிமேல் சோதிக்க முடியாது. வியாழக்கிழமை பெட்டிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. திருவிழா அந்தோணியாருடையது, அதனால் மேடைப் பெட்டிக்கு அந்தோணியார் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். மிக்சருக்கும் ஒரு பெயர் கேட்டது. ஒரு கோயிலுக்கு இரண்டு பாதுகாவலர் எதற்கு என்று அதற்கும் அந்தோணியார் என்றே அடித்தேன். கம்ப்யூட்டர் அதை "அந்தோணியார் இரண்டு" என்று காட்டி, எந்த அந்தோணியாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை, "சேட்டா, க்ளாக் சிங்க் ஆயிட்டில்லா" என்றது. பெட்டிக்குள்ளே ஓடுகிற கடிகாரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நான் அதை அப்படியே பெரியமுத்துவிடம், "கிளாக் சரியில்லையாம்யா" என்றேன். பெரியமுத்து என்னிடம் இருபது வருடமாக ஏணி ஏறுகிறவர்; சொன்னதைச் செய்துவிட்டுத்தான் மறு வேலை. நேரே பூசை உடுப்பு வைக்கிற சக்ரீஸ்து அறைக்குப் போய், சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்துக்குச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டார். அவர் கைக்கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடுவது. கோயில் பிள்ளை மதிய மணியை இருபது நிமிடம் முன்னாலேயே அடித்துவிட, பக்கத்து எஸ்டேட்டில் மொத்த ஆளும் கூடையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. மேனேஜர் அச்சனுக்குப் போன் போட்டார். அச்சன் என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் நான் உங்களைக் கூப்பிட்டது. இப்போது சொல்லுங்கள், கூப்பிட்டது குற்றமா?

சனிக்கிழமைக்கு வருகிறேன். பெயர் சரியானது, கடிகாரம் கிடக்கட்டும், மதியம் இரண்டு மணி வரை ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இதில் என் தவறு ஒன்று, மறைக்காமல் சொல்லுகிறேன். பெட்டியின் முதுகில் நெட் வயருக்கு இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் வயர் சொருகி, இரண்டையும் அதே சுவிட்சில் கொண்டுபோய் விட்டிருந்தேன். யாவாரி புத்தி, எதற்கும் ஒரு ஸ்பேர் வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு வழியில் போன சத்தம் மறு வழியில் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, தேர் முட்டின தெருவாட்டம் எல்லாம் அடைத்துக்கொள்ளுமாம். இது எனக்குத் தெரியாது. ஜிஸ்மிக்குத் தெரியும். "ஸ்விட்சிலே லைட் எல்லாம் ஒருமிச்சு மின்னுன்னுண்டோ?" என்று கேட்டது. கிறிஸ்மஸ் குடிலுக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி மின்னுகிறது என்றேன். உடனே கண்டுபிடித்துவிட்டது. "எங்கில் ஆ ரெண்டாமத்தே கேபிள் மாற்று" என்றது.

இங்கேதான் மச்சான், எனக்குச் சனி பிடித்தது. நாற்பது வருடமாக மலையாளத்தில் விலை பேசுகிறவன், நேரில் சொன்னால் ஒரு எழுத்து தவறவிட மாட்டேன். ஆனால் கோயில் வளாகத்தில் எங்கள் கம்பெனி போனுக்குக் கெபி பக்கத்தில் மட்டும்தான் ரேஞ்சு. கெபிக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்த இரைச்சலில் அந்தப் பிள்ளை சொன்ன "மாற்று" என் காதில் "மாட்டு" என்று விழுந்தது. மலையாளத்தில் எடுத்துவிடு என்பதற்கும் நம் தமிழில் சொருகு என்பதற்கும் நடுவில் நாக்கு நுனி ஒரு நூல் தள்ளிப் படுவதுதான் வித்தியாசம். நான் முற்றத்துக்குக் குறுக்கே கத்தினேன்: "பெரியமுத்து, ரெண்டாவது வயர மாட்டுய்யா!"

"அது மாட்டித்தானய்யா இருக்கு!"

"நல்லா அமுக்கி மாட்டு!"

"அமுக்கிட்டேன்யா!"

ஜிஸ்மி கேட்டது, "மாற்றியோ சேட்டா?" நான் பெருமையாக, "மாட்டியாச்சு மோளே" என்றேன். அதற்கு எடுத்தாயிற்று என்று கேட்டிருக்கிறது. "இப்போ சவுண்டு வன்னோ?" வரவில்லை. அந்தப் பிள்ளை குழம்பிப்போய், "வேறே கேபிள் உண்டெங்கில் அதும் மாற்று" என்றது. நான் இன்னொரு வயரை மாட்டச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. "அதும் மாற்றியோ?" "அதும் மாட்டியாச்சு!" இப்படியே ஒன்றரை மணி நேரம். அந்தப் பிள்ளை எடு எடு என்கிறது, நான் சொருகு சொருகு என்கிறேன், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளுகிறோம். மூன்றரைக்குப் பெரியமுத்து, "அய்யா, சுவிட்சுல ஓட்டை தீந்துபோச்சு! கடைக்குப் போயி இன்னொரு சுவிட்சு வாங்கியாரவா?" என்று கேட்டார். வாங்கிவரச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தோணியார் சாட்சி.

அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கச்சி பிளாஸ்கில் கட்டன் சாயாவோடு வந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இரண்டு வாக்கியம் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பிள்ள எடுக்கச் சொல்லுது. நீங்க எதுக்குச் சொருகச் சொல்றீக?"

"இது டெக்னிக்கல் விஷயம், செபமாலை. நீ சாயாவ ஊத்து."

"என்ன பெரிய டெக்னிக்கலு? எங்க ஏலக்கா ஸ்டோர்ல சூப்பர்வைசர் தெனம் 'ஆ சாக்கு மாற்று'ம்பாரு. நான் சாக்க எடுத்து ஓரமா வப்பேனா, இன்னொரு சாக்கக் கொண்டாந்து அது மேல மாட்டுவேனா?" என்றவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மோளே, கேபிள் ஊரணோ?" என்று, பிடுங்கணுமா என்பதை மலையாளத்தில் கேட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஊரணம் சேச்சீ! ரெண்டு மணி முதல் ஞான் அதல்லே பறயுன்னெ!"

உங்கள் தங்கச்சி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். களை பிடுங்குவது போல ஒவ்வொரு வயராகப் பிடுங்கினாள். பெட்டிக்கு ஒன்று, மிக்சருக்கு ஒன்று மட்டும் விட்டாள். லைட்டெல்லாம் ஆடுவதை நிறுத்தி அமைதியாகக் கண் சிமிட்டியது. அதே நிமிடம் பீடத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியமுத்து, அது இன்னும் செத்துத்தான் கிடக்கிறது என்ற நம்பிக்கையில், தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது ஆனைக்கரை முழுக்க விழுந்தது: "...இந்த ஆளுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுன்னு நான் புதன்கெழமையே சொன்னேன். ஒரு ஹாரன் கட்டத் தெரியும், அதையும் கோணலாத்தான் கட்டுவாரு..."

கெபியில் கேட்டது. மணிக்கூண்டில் கேட்டது. கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிற என் அப்பனுக்கும் கேட்டிருக்கும். ரோட்டு வளைவில் ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். சோதனை பார்க்க முன்கூட்டியே இறங்கி வந்த அச்சன் சாப்பாட்டுப் பந்தலில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, மற்ற நாலு இடத்திலும் நின்றவர்களை விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். "சுவக்கீனே, நல்ல க்ளியர். ஒரட்சரம் போலும் விட்டுபோயில்ல. இனி டெஸ்ட் வேண்டா" என்றார். பெரியமுத்து ஏணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் போய்க் கட்டிப்பிடித்தேன். என்னைத் திட்டியதிலேயே இவ்வளவு லாபமான திட்டு இதுவரை எவனும் திட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் நாற்பது நிமிடம் பிரசங்கம் வைத்தார். ஈயும் இல்லை, தேனீயும் இல்லை. சப்பரம் முற்றத்தைத் தடுக்காமல் கடந்தது. பாட்டுக்குழுவில் ஆன்மேரிப் பிள்ளை மூச்சு இழுத்தது ரோட்டு வளைவு வரை கேட்டதாம். வேலை இன்னும் மூன்று வருடத்துக்கு எனக்கே என்று அச்சன் காப்பித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தவன், இன்று காலை கோழி கூப்பிட்டும் எழவில்லை. நெஞ்சு அவ்வளவு லேசாக இருக்கிறது, மச்சான்.

ஆகவே மறுபடியும் தெளிவாக எழுதுகிறேன். பெட்டியை விற்கவில்லை, கூட்டுக்கும் விடவில்லை, பாதி விலை என்ற பேச்சே இல்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டாம். வேறொரு நாள் சும்மா விருந்துக்கு வாருங்கள், மாட்டுக்கறி வாங்கி வைக்கிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தோணியார் கூடவே இருந்து, காணாமல் போனதையெல்லாம் கண்டெடுத்துக் கொடுத்து, கண்டெடுத்ததைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாக மூச்சு விடுகிற தங்கள் மாப்பிள்ளை,
சுவக்கீன்

பி.கு. உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் தங்கச்சி வந்து, "யாருக்கு எழுதுறீக? நான் அண்ணங்கிட்ட அப்பவே போன்ல பேசி முடிச்சிட்டனே" என்கிறாள். வட்டவடைக் கோயில் கமிட்டி மாரீஸ்வரன் நேற்று நம் திருவிழாச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் அவர்கள் திருவிழாவுக்கு மூன்று நாள் இதே பெட்டி வேண்டும் என்று அவளிடம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே மூன்று நாளும் எனக்குக் குமுளி செபக் கன்வென்ஷனில் மைக் செட் வேலை. எனவே மேலே எழுதியது எதையும் எண்ணத்தில் கொள்ளாமல் வெள்ளிக்கிழமை ஜீப்போடு தவறாமல் வரவும். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததாக அவள் சொல்லும் நிபந்தனை இது. மாற்றம் இருந்தால் அவளிடமே சொல்லிக்கொள்ளவும்: பெட்டியில் பாதி உங்களுக்கு, வாங்கிய விலையில் சரிபாதிக்கு. வட்டவடை வேலை உங்கள் ஆட்களோடு நீங்கள் செய்வது, வரும்படி ஆளுக்குப் பாதி. டீசல் உங்களுடையது, சாப்பாடு எங்களுடையது. பெரியமுத்து உங்களோடு வருவார், மைக்கைப் பிடித்துச் சோதிக்க அவர் மட்டும். வயர் மாட்டவும் எடுக்கவும் செபமாலை மட்டும். அதற்கு நாள் ஒன்றுக்கு ஓர் ஆள் கூலி, உங்கள் பங்கிலிருந்து பாதி, என் பங்கிலிருந்து பாதி.