தென்காசியில்தான் கிடைக்கும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மாரிச்சாமியின் காருக்கு எந்த நோயும் இல்லை. கூட்டாளி பிரேம்குமாரிடமிருந்து போன் வந்த பிறகுதான் அதற்குப் பேரிங் போனது.

"ஏலே மாரி, குத்தாலத்துல சாரல் அள்ளுது. அருவியில தண்ணி யானைத் தண்டிக்கு விழுதாம். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல வேன் எடுத்துட்டு வாரேன். ஆம்பளைங்க மட்டும். எண்ணெய் தேச்சு ஒரு குளியல், பொறவு செங்கோட்டைப் பக்கம் பரோட்டா. வாரியா இல்லியா?"

வாரேன் என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் மாரிச்சாமிக்கு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக மனைவி முனீஸ்வரியிடம் சொல்லியிருந்தார். அவள் தங்கச்சி வேலுத்தாய் வீட்டில் சாப்பாடு. ஏற்கெனவே பல தடவை தள்ளிப் போட்டாயிற்று. இன்னொரு தடவை தள்ளினால் சொந்த வீட்டில் சாப்பாடு இருக்காது.

வேலுத்தாய் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அவள் புருசன் விக்னேஷ்வரன்தான். டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் சகலை. சாம்பார் ஊற்றும்போது கிளட்சில் ஆரம்பித்தால் மோர் ஊற்றும்போதுதான் கியர் பெட்டிக்கு வருவார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அருவியா, கியர் பெட்டியா? மாரிச்சாமி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் ஒரு முடிவுக்கு வந்தார். பொய்யைத் தான் சொல்லப் போவதில்லை. கார் சொல்லட்டும்.

அன்று சாயங்காலமே முனீஸ்வரியைக் காய்கறி வாங்கக் காரில் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு அதுவே அதிசயம். எப்போதும் பையை மட்டும்தான் எடுத்துக் கொடுப்பார்.

"கேக்குதா?"

"என்னது?"

"முன்பக்கம் கொர்ர்ருனு ஒரு சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"பேசிக்கிட்டே வந்தா எப்படிட்டி கேக்கும்? செத்த சும்மா வா."

அவள் சும்மா வந்தாள். பஞ்சு மார்க்கெட் வரைக்கும் மாரிச்சாமி உதட்டை அசைக்காமல் அடித்தொண்டையில் கொர்ர்ர் என்று இழுத்துக்கொண்டே ஓட்டினார். வேகத்தடையில் ஏறும்போது இருமல் வந்துவிட்டது. சத்தமும் நின்றது.

"இப்ப நின்னுருச்சே," என்றாள் முனீஸ்வரி.

"வேகம் குறைஞ்சா நிக்கும்."

"அப்படியா? பாவம், செத்த நேரம் மூச்சு வாங்கிட்டு வரட்டும்."

அதை அவர் கவனித்திருக்க வேண்டும். தொண்டை எரிச்சலில் விட்டுவிட்டார்.

"வீல் பேரிங் போச்சு," என்றார். "இதோட ஸ்ரீவில்லிபுத்தூர் போனா சக்கரம் தனியா போகும், நாம தனியா போவோம். நானே மாத்திருவேன். மில் ஸ்டோர்ஸ்ல இத்தனை வருசமா பேரிங்கோடதான் குடும்பம் நடத்துறேன்."

ஸ்டோர்ஸில் அவர் வேலை, பேரிங்கை நம்பர் பார்த்து எடுத்துக் கொடுப்பது. எடுத்துக் கொடுத்ததோடு சரி. அது எந்த இடத்துக்குப் போகிறது, அங்கே போய் என்ன செய்கிறது என்று அவர் கேட்டதும் இல்லை, அது சொன்னதும் இல்லை.

சனிக்கிழமை லீவு போட்டார். மில் பிட்டரிடம் கடன் வாங்கிய ஸ்பேனர் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்தார். ஜாக்கி வைத்து முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் திட்டம் அதோடு முடிந்தது. கழற்றின சக்கரத்தைப் பார்த்தால் எந்தப் பெண்பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேச மாட்டாள். திங்கட்கிழமை திரும்ப மாட்டிவிடலாம்.

முனீஸ்வரி காபியோடு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரிங் எதுங்க?"

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

"அந்தத் தட்டுக்குப் பின்னால. சக்கரம் மாட்டற ஹப்போட சேர்ந்து ஒரே அசெம்பிளியா வரும்."

"அப்ப அதையும் கழத்தணும்ல?"

"அது... புதுசு வந்த பொறவு கழத்திக்கலாம்."

"பழசைக் கையில கொண்டு போனாத்தானே கடைக்காரன் சரியான சைஸ் குடுப்பான்? ஒரு ஜாக்கெட் துணி எடுக்கணும்னாலே சேலையைக் கையோட கொண்டு போறோம்."

மாரிச்சாமி ஸ்பேனரை எடுத்தார். பிரேக்கைக் கழற்றித் துணிக்கொடிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். நடுவில் இருந்த பெரிய நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி அதன் மேல் ஏறி நின்றார். அசையவில்லை. குதித்தார். நட்டு விட்டுக்கொடுத்தது. மாரிச்சாமி சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தின் மேல் விழுந்து, அதோடு சேர்ந்து எதிர்வீட்டு வாசல் வரை போய்விட்டு வந்தார்.

"அப்புறம்?" என்றாள் முனீஸ்வரி.

அப்புறம் ஹப்புக்குப் பின்னால் இருந்த போல்ட்டுகள். அதற்கும் அப்புறம், துருவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்த ஹப். சுத்தியலால் அடித்தார். மேலே அடித்தார், கீழே அடித்தார், படுத்துக்கொண்டு அடித்தார். நல்லாயிருந்த பேரிங்கை மத்தியானம் வரைக்கும் அடித்தால் அதுதான் என்ன செய்யும்? கடைசியில் கையோடு வந்தது. அதைச் சுழற்றிப் பார்த்தார். கொர்ர்ர் என்றது.

முந்தின நாள் தொண்டையில் இருந்த சத்தம் இப்போது கையில் இருந்தது. நோய் நிஜமாகவே வந்துவிட்டது. இனி காது சிவக்காமல் பேசலாம் என்பது ஒன்றுதான் லாபம்.

முனீஸ்வரி ஹப்பைப் பழைய துணியால் துடைத்தாள். "வெளிச்சத்துல பிடிங்க, ஒரு போட்டோ எடுக்கேன்."

"எதுக்கு?"

"ஆரம்பிச்ச வேலையை முடிச்சிருக்கீங்க. தங்கச்சிக்கு அனுப்ப வேண்டாமா? அந்த எழுத்து வெட்டியிருக்கற பக்கத்தைத் திருப்பிப் பிடிங்க, அதான் அழகா இருக்கு."

மாரிச்சாமி கிரீஸ் மூஞ்சியோடு சிரித்துக்கொண்டு பிடித்தார். சிரித்த முகத்தோடேயே சொல்லியும் வைத்தார்:

"இது இங்க கிடைக்காது. தென்காசியிலதான் கிடைக்கும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சாரல் நேரத்தில் ராஜபாளையத்து ஆம்பளை ஒருத்தன் குத்தாலத்தை ஒட்டின தென்காசியில் வேலை இருக்கிறது என்று சொன்னால், தெருவில் போகும் நாய்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். மதுரை என்று சொல்லியிருக்கலாம். விருதுநகர் என்று சொல்லியிருக்கலாம். வாய் குத்தாலத்துக்கு முன்னாலேயே போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்குமா?"

"சீசன்ல. வெளியூர்க் கார் அம்புட்டு வருதுல்ல, திறந்துதான் இருப்பான். பிரேமுக்கும் அங்க ஏதோ சோலி இருக்காம். அவன் வேன்லயே போயிட்டு வந்திருதேன்."

"சரி," என்றாள் முனீஸ்வரி.

அந்தச் 'சரி'தான் அவரைப் பிடுங்கித் தின்றது. அவள் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளுடைய கோபத்துக்கு அவரிடம் பதில் உண்டு, சம்மதத்துக்கு எங்கே போவது? சாயங்காலம் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினார். அவள் பூண்டு உரித்தால் இவரும் இரண்டு பல் உரித்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க இவரும் போனார். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். இறங்கி வந்துவிட்டார்.

ஸ்பேனர் பையில் குளிக்கும் சாமான்களை அடுக்கிக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"நல்லெண்ணெய் எதுக்குங்க?"

"துருவை இளக்கறதுக்கு."

"துண்டு?"

"கை துடைக்க."

"ரெண்டு துண்டு வச்சிருக்கீங்க?"

"கையும் ரெண்டுதானே."

"சரி," என்றாள் மறுபடியும்.

விடியக்காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாரிச்சாமி பையோடு பாய்ந்து கதவைத் திறந்தார். வேன் இல்லை. பைக். அதிலிருந்து விக்னேஷ்வரன் இறங்கினார். பின்னால் வேலுத்தாய். அவள் மடியில், குழந்தையைப் போல, ஒரு அட்டைப் பெட்டி.

"அண்ணே," என்றார் விக்னேஷ்வரன், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல் முகமெல்லாம் சிரிப்பாக. "மதினி போட்டோ அனுப்புனாங்க. நம்பர் பளிச்சுனு தெரிஞ்சுச்சு. நேத்தே நம்ம ஊருக் கடையில எடுத்து வச்சுட்டேன். இதுக்குப் போயி தென்காசிக்கு அலையலாமா? நான் எதுக்கு இருக்கேன்?"

மாரிச்சாமி முனீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தெருமுனையில் வேன் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்த பிரேம்குமார் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கல்பனா. பின்னால் தெருப் பெண்கள் இரண்டு பேர்.

"நேத்து கல்பனாகிட்ட பேசுனேன், வேன்ல இடம் சும்மாதான் கிடக்குதாம்," என்றாள் முனீஸ்வரி. "வேலுத்தாய், நீ ஏறு."

"எங்கட்டி போறீங்க?"

"நீங்க போறதா இருந்த இடத்துக்குத்தான்."

அது எந்த இடம் என்று அவர் கேட்க முடியுமா? கேட்டால் அவரே அல்லவா சொல்ல வேண்டும்? பிரேம்குமார் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேனைக் கிளப்பினான்.

"அத்தான், சாப்பாடு பைக் பையில தூக்குச்சட்டியில இருக்கு," என்று வேலுத்தாய் கையை ஆட்டினாள்.

அன்று முழுக்க மாரிச்சாமி தரையில் கிடந்தார். சகலை ஸ்டூலில் உட்கார்ந்து, வேலையைத் தான் செய்யாமல் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார்.

"அண்ணே, துருவை நல்லாத் தேய்ங்க. பேரிங் உக்கார்ற இடம் கண்ணாடி மாதிரி இருக்கணும். இன்னும் தேய்ங்க." பழைய பேரிங்கை உருட்டிப் பார்த்தார். "இது புதுசு மாதிரியில்ல இருக்கு? சுத்தியல் காயம் மட்டுந்தான் தெரியுது."

"உள்ளுக்குள்ள போயிருச்சு," என்றார் மாரிச்சாமி, காருக்கு அடியிலிருந்து. காது சிவந்தது வெளியே தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் மேகம் இறங்கி, ராஜபாளையத்திலும் சாரல் தூவியது. காருக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு கால் மட்டும் நனைந்தது. சகலை கிளட்சை முடித்துவிட்டுக் கியர் பெட்டிக்கு வந்திருந்தார். மாரிச்சாமி உம் கொட்டிக்கொண்டே போல்ட்டுகளை முறுக்கினார்.

பொழுது சாயும் நேரத்தில் கார் நான்கு சக்கரத்தில் நின்றது. ஒரு சத்தமும் இல்லாமல் தெருவைச் சுற்றி வந்தது. மாரிச்சாமி இறங்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் ரம்புட்டான் பையோடு பெண்கள் இறங்கினார்கள். பிரேம்குமார் தலை மட்டும் காய்ந்து கிடந்தது. நாள் பூரா எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருந்தானாம்.

"தண்ணி... நல்லா விழுதாட்டி?" மாரிச்சாமியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எம்புட்டு தண்ணிங்கிறீங்க. பொறவு வெள்ளம் ஜாஸ்தியாகி, நாங்க குளிச்சுட்டு வெளிய வரவும் போலீஸ்காரர் விசில் ஊதிட்டாரு. இனி யாருக்கும் குளியல் கிடையாதாம்."

மாரிச்சாமி கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விக்னேஷ்வரன் அவர் தோளில் தட்டினார்.

"மதினி, அண்ணனுக்குக் கை நல்லாப் பழகிருச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லுங்க. ஒரு டிராக்டர் நாலு சக்கரத்தையும் கழத்திப் போட்டுக் கிடக்கு."

"வருவாங்க," என்றாள் முனீஸ்வரி, கூந்தலைத் தட்டி உதறிக்கொண்டே. "கார்தான் சரியாயிருச்சே, நானே கூட்டிட்டு வாரேன்."