நின்ற கடிகாரமும் முறுக்கிய ஆறு பெட்டிகளும்

திருத்தணி,
14-9-2003, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய தங்கவேல் பாவா அவர்களுக்கு, மைத்துனன் அருண்பாண்டியன் பத்து விரலையும் கீபோர்டிலிருந்து எடுத்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மலையும், மலைமேல் முருகனும், மலைக்குக் கீழே நைனாவும் நலம். அங்கே கனிமொழி அக்காவின் நலமும், அக்கா சமையலுக்குப் பிறகு உங்கள் நலமும் அறிய ஆவல்.

நிற்க. உண்மையிலேயே ஒன்று நின்றுவிட்டது. நம் கம்ப்யூட்டர் சென்டரின் சுவர்க்கடிகாரம் கடந்த வெள்ளிக்கிழமை காலை, யாருக்கும் தொந்தரவு தராமல், ஆணியில் தொங்கிய நிலையிலேயே காலமானது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்றைக்குத்தான் தேர்வு வாரியத்திலிருந்து பெருமாள் சார் பத்து மணிக்கு வந்து, நீங்கள் மாட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சோதிப்பதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் நம் சென்டர் தேர்வு மையம். போடாவிட்டால் கடை பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரிக்கு, நான் கரும்புத் தோட்டத்துக்கு. நைனா இதைச் சும்மா சொல்லவில்லை, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பத்தே கால் ஆகியும் சாரைக் காணோம். பத்தரைக்கு ராகுகாலம். "ராகுகாலத்துல அந்தாளு பொட்டியத் தொட்டா வெளங்கவே வெளங்காது. டைம் தாண்டிச்சுனா நானே திருப்பி அனுப்பிடுவேன்" என்று நைனா வாசலிலேயே நின்னுகினு இருக்கிறார். அந்த நேரம் பார்த்துதான் சுவர்க்கடிகாரம் உயிரை விட்டது. நைனாவுக்குக் கைக்கடிகாரம் கிடையாது. ஒருவழியாக சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். நைனா என்னைப் பார்த்தார், நான் சர்வர் என்கிற பெரிய பெட்டியின் திரை மூலையில் நேரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. "பாத்தியா, முருகன் கரெக்டா கொண்டாந்து சேத்துட்டான்" என்று நைனா வாயெல்லாம் பல்லாக அவரை உள்ளே அழைத்தார். சார் மட்டும் தன் கைக்கடிகாரத்தை ஏனோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார், பாவம்.

"ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு பாஸ்வேர்டா தம்பி?" என்று சார் கேட்டார். நீங்கள் சொல்லித்தந்ததை அப்படியே எடுத்து விளாசினேன். "இல்லீங்க சார், மலையில சிறப்பு தரிசனம் மாதிரி. கவுன்ட்டர்ல ஒரு தபா ஆள் யாருன்னு பாத்து சீட்டு குடுத்துருவாங்க. அப்புறம் எந்த வாசல்லயும் பேர் கேக்க மாட்டாங்க, சீட்டத்தான் பாப்பாங்க. இந்தப் பெரிய பொட்டிதான் கவுன்ட்டரு. நாலு விண்டோஸு, ஆறு லினக்ஸு, ரெண்டு கட்சியும் இங்கதான் சீட்டு வாங்கணும்." சார் அசந்துபோனார். நாலு விண்டோஸும் சமர்த்தாகத் திறந்தன. அடுத்து சத்துணவுக்கூட அமைப்பாளர் கோவிந்தம்மாள் அக்கா, நம் சென்டரின் மூத்த மாணவி, லினக்ஸ் பெட்டியில் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார். உள்ளே விடவில்லை. பக்கத்துப் பெட்டி, அதற்குப் பக்கத்துப் பெட்டி, ஆறும் அதே கதை. "இன்னாடா தம்பி, நான் இன்னா ஓசி சோத்துக்கா வந்துகீறேன்? தொரத்துது" என்றார் அக்கா. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. சார் படிப்பதற்குள் கையை வைத்து மறைத்து, "சூடாவுது சார்" என்றேன்.

சார் சூடாகிவிட்டார். "புதன்கிழமை மறுபடி வர்றேன். பத்தும் திறந்தாத்தான் கையெழுத்து" என்று கிளம்பினார். நைனா ஆறு பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்து, "மாப்ள போட்ட பொட்டி மாப்ள மாதிரியே முறுக்கிக்கினு நிக்குதே" என்றார். உங்களுக்காக நான் வாதாடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் லினக்ஸ் போட்டது நீங்கள்தானே, "ஆங் நைனா" என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், தூசி ஊதினேன், ஆறுக்கும் விபூதி பூசினேன். மண்வெட்டி இன்னும் வாசலிலேயே சாய்ந்திருக்கிறது, அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வருகிறேன். சோறு இறங்கவில்லை, அதாவது மூன்றாம் தட்டு. ஒன்று மட்டும் உறுதி. பெரிய பெட்டியின் பாஸ்வேர்டை என்னை நம்பி நீங்கள் கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு கீறல் விழாமல், எதையும் தொடாமல், எதையும் மாற்றாமல் காத்து வருகிறேன். கோளாறு முழுக்க லினக்ஸினுடையது. செவ்வாய்க்கிழமையே ரயிலேறி வந்து உங்கள் லினக்ஸ் பிள்ளைகளை நீங்களே கண்டியுங்கள்.

போனில் சொல்லலாம் என்றால் நைனா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் நாளை சென்னைக்கு வரும் பரந்தாமன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் தணிகை முருகன் எல்லா நலமும், எனக்கு ஒரு கையெழுத்தும் அருளட்டும்.

இப்படிக்கு,
மையத்தின் மாசற்ற காவலன்,
அருண்பாண்டியன்

பின்குறிப்பு: மேலே தேதியும் ஊரும் மட்டும் சரி. கவரை ஒட்டும்முன் மனசு கேட்காமல், திரையில் வரும் அந்த வரியை அகராதி வைத்துப் படித்தேன். கடிகாரங்களுக்குள் வித்தியாசம் அதிகம் என்கிறது. சீட்டில் நேரமும் இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் கள்ளச்சீட்டு என்று தள்ளிவிடும் என்று நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள். நான் அப்போது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். பாவா, சார் வந்து இறங்கியபோது உண்மையில் பத்தே முக்கால். நைனா அவரைத் திருப்பி அனுப்பிவிடுவாரே என்று பயந்து, பெரிய பெட்டியின் நேரத்தை நான்தான் இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். பெரியவர் சொன்னால் சரி என்று நாலு விண்டோஸும் தங்கள் கடிகாரத்தையும் மாற்றிக்கொண்டன. உங்கள் லினக்ஸ் ஆறும் மட்டும்தான் அன்றைக்கு நம் கடையில் உண்மை பேசின. இப்போது நேரத்தைச் சரிசெய்தேன், பத்தும் திறந்துவிட்டன.

ஆகவே வர வேண்டாம் என்று எழுத இருந்தேன். சற்றுமுன் போன் வந்தது. சார் புதன்கிழமை பன்னிரண்டரைக்குத்தான் வருகிறாராம். புதன் ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. நைனா பதறவே இல்லை. "நமக்கு அந்தப் பெரிய பொட்டி காட்றதுதாண்டா டைமு. அது முருகன் பாத்து வெச்ச டைமு" என்கிறார். நேரத்தை மறுபடி தள்ளினால் லினக்ஸ் ஆறும் துரத்தும், தள்ளாவிட்டால் நைனா சாரைத் துரத்துவார். கம்ப்யூட்டருக்கு ராகுகாலம் கிடையாது என்று மாப்பிள்ளை வாயால் சொன்னால்தான் கேட்பார். அவசியம் வாருங்கள், வந்து அந்தச் சுவர்க்கடிகாரத்தையும் ஓட வையுங்கள். பேட்டரி வாங்கி வர வேண்டாம், என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.