நான்கு எலுமிச்சம்பழங்களும் நானூறு குதிரைகளும்

மூன்றாவது எலுமிச்சம்பழமும் பின்சுவரில் போய் அப்பிக்கொண்டதும் கிருபாசங்கர் வண்டியை விட்டு இறங்கினான்.

மெக்கானிக் அந்தோணிராஜ் கன்னத்தில் தெறித்த சாற்றைத் துடைத்துக்கொண்டு சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழமெல்லாம் நசுங்குதுங்க சார். நசுங்கற இடந்தான் தள்ளிப் போயிருது."

கிருபாசங்கர் சிரிக்கும் நிலையில் இல்லை. மறுநாள் காலை ஆயுத பூஜை. அவனுடைய மாமனார் லட்சுமணசாமியின் பம்ப்செட் கம்பெனி வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற வண்டிகளை அந்தந்த டிரைவர்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்குவார்கள். முதலில் நிற்கும் வெள்ளை ஸ்டேஷன் வேகனை மட்டும் லட்சுமணசாமியே ஓட்டுவார். அதற்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. பழம் நசுங்க வேண்டும், சாறு தெறிக்கக் கூடாது. சாறு தெறித்தால் அந்த வருஷம் தொழில் சிதறிப்போகும் என்பது அவர் நம்பிக்கை. இதில் அவரோடு விவாதித்தவர்கள் இப்போது வேறு கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் பூஜை முடிந்ததும் மெஷின் ஷாப் சாவிக்கொத்தை மாப்பிள்ளை கையில் கொடுக்கப்போகிறார் என்று அவன் மனைவி சைத்ரா வீட்டில் சொல்லியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கம்பெனியில் கிருபாசங்கர் வால்வு அளந்துகொண்டிருக்கிறான். மாமனார் அவனை மதிக்கிறாரா, பொறுத்துக்கொள்கிறாரா என்பதே அவனுக்கு இன்றுவரை தெரியாது. சாவி கைக்கு வந்தால்தான் தெரியும்.

"வண்டிய மட்டும் ஒழுங்காக் கொண்டாந்து நிறுத்திப்போடுங்க. அப்பாவுக்கு அது உசுரு" என்றாள் சைத்ரா.

அந்த உயிர்தான் இப்போது அந்தோணிராஜின் ஷெட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு பால் வண்டியால் வந்த வினை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைத்ரா கேட்டாள் என்று லட்சுமணசாமி அந்த வேகனை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. ஒரு வாரம் சர்வீஸுக்கு விட்டு, துடைத்து, கண் கலங்கிக் கொடுத்தார். இருபது வயதைத் தாண்டிய வண்டி. முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் பீரோவைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அவிநாசி ரோட்டில் அதை முந்தாத வாகனம் இல்லை. ஒருநாள் ஒரு பால் வண்டி முந்தியது. முந்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த டிரைவர் திரும்பி, "உடம்புக்கு ஏதாவது முடியலீங்களாண்ணா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனான். கிருபாசங்கருக்கு அது பொறுக்கவில்லை.

கொஞ்சம் இழுவை கூடினால் போதும் என்றுதான் அந்தோணிராஜிடம் போனான். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ ஒன்று மாட்டினார்கள். அந்த அழுத்தத்தைப் பழைய பிஸ்டன் தாங்காது என்று கணபதி வட்டாரத்துக் கடைசல் பட்டறையில் புதுப் பிஸ்டன் கடைந்தார்கள். பிஸ்டனுக்காக என்ஜின் பிளாக்கைக் குடைந்தார்கள். அந்த வேகத்துக்குப் பழைய கிளட்ச் வழுக்கியது, ரேஸ் கிளட்ச் வந்தது. கோயம்புத்தூரில் இதுதான் ஆபத்து. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "பண்ணிடலாமுங்க" என்று சொல்ல நாலு தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது. முடியாது என்று வாய்விட்டுச் சொல்வது இந்த ஊரில் மரியாதைக் குறைவு. ஒரே ஒரு ஆள் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டிருந்தால்கூட கிருபாசங்கர் பிழைத்திருப்பான்.

முடிவில் நானூறு குதிரைத்திறன் வந்து சேர்ந்தது. விடியற்காலை பைபாஸில் ஒரே ஒருமுறை முழுதாக மிதித்துப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக எதிலோ ஜெயித்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை. சைத்ராவிடம் சொன்னால் அது மாமனாரிடம் சொன்ன மாதிரி.

இப்போது அந்த நானூறு குதிரைகளையும் நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் பூனை மாதிரி நடக்க வைக்க வேண்டும். ரேஸ் கிளட்ச்சுக்கு நடை தெரியாது. நிற்கும், இல்லாவிட்டால் பாயும். முழங்கால் வலிக்காரரான லட்சுமணசாமி அதன் மேல் கால் வைத்தால் எதிரே இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குள்தான் போய் நிற்பார்.

பழைய என்ஜினையே திருப்பி மாட்டலாமே என்று கேட்டான். மாட்டுவதற்கு அது எங்கே இருக்கிறது என்று அந்தோணிராஜ் பணிவாகக் கேட்டார். பழைய பிளாக்கைக் குடைந்துதானே புதியதே உருவானது.

அப்போது போன் அடித்தது. மாமனார்.

வண்டி எங்கே என்று அவர் கேட்க, சர்வீஸில் இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னான். அப்படியானால் தானே வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதாக அவர் கிளம்பினார். பதறிப்போய், வேலை முடிந்துவிட்டது, வண்டி புதுப்பெண் மாதிரி இருக்கிறது, நாளைக்கு முதல் ஆளாக நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றான். லட்சுமணசாமிக்கு அவ்வளவு சந்தோஷம். அப்படியானால் பூஜை முடிந்ததும் எல்லோரும் அதே வண்டியில் மருதமலைக்குப் போய் வந்துவிடலாம், தானே ஓட்டுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"மலை ஏறணுங்களாமா" என்றான் கிருபாசங்கர், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

"ஏறறதுக்கு இந்த வண்டிக்குக் கஷ்டமே இல்லீங்க சார். வளைவுலதானுங்க..." அந்தோணிராஜ் இழுத்தார்.

சரி, முதலில் சத்தத்தையாவது அடக்குவோம் என்று சைலன்சருக்குள் தேங்காய் நாரை அடைத்தார்கள். முதல் இரண்டு நிமிஷம் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. கிருபாசங்கர் கொஞ்சம் நம்பிக்கை வந்து ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டான். உள்ளே சூடேறிக் கிடந்த நார் உருண்டை தீப்பிடித்து வெளியே பறந்து, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த மரக்கடைக்குள் விழுந்தது. இருவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, மரத்தூளோடு போயிற்று. கடைக்காரர் அணைத்து முடித்தபின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, பூஜை நாளைக்குத்தானுங்களே?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் ஆகிவிட்டது. கிருபாசங்கர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சாவி போனால் போகிறது. ஆனால் அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது மாமனாரின் முகம் இளகுவதை அவன் பார்த்திருக்கிறான். அந்த முகத்துக்கு நேரே நின்று இதைச் சொல்ல அவனால் முடியாது.

அப்போதுதான் அந்தோணிராஜுக்கு யோசனை வந்தது. தாராபுரத்தில் முகமது யூசுப் என்று ஒரு கொப்பரை வியாபாரி. அவரிடம் இதே வேகன், இதே வெள்ளை. அந்தப் பக்கம் போனபோது ஷெட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறார். ஒருநாளைக்கு இரவல் வாங்கி, நம்பர் பலகையை மாற்றி மாட்டிவிட்டால் பூஜை முடிந்துவிடும்.

தாராபுரம் என்றதும் கிருபாசங்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் வியாபார விஷயமாக மாதம் தவறாமல் போகிற ஊர். இருந்தாலும் வேறு வழி இல்லை. அந்தோணிராஜ் பஸ் ஏறினார். சாயங்காலம் வண்டியோடு வந்து இறங்கினார்.

யூசுப் வீட்டில் இல்லையாம். அவருடைய மனைவி ரம்லா வண்டியைத் தர முதலில் மறுத்திருக்கிறார். வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட விடமாட்டார் என்றிருக்கிறார். கோயம்புத்தூர் லட்சுமணசாமி கம்பெனி பூஜைக்கு என்று சொன்னதும், "பெரியவருக்குன்னா கேக்கவே வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

"பேரைச் சொன்னீங்களா?" என்றான் கிருபாசங்கர்.

"சொல்லாட்டிக் குடுத்திருக்க மாட்டாங்க சார். வண்டியப் பாருங்க. மெழுகாட்ட வெச்சிருக்காரு மனுசன்."

உண்மைதான். சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. நம்பர் பலகையை மாற்றி மாட்டினார்கள். பார்த்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

காலையில் சைத்ரா ஏறி உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தாள். கிருபாசங்கர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்னமோ தெரியலீங்க, இன்னைக்குத்தான் எங்கப்பா வண்டி மாதிரியே இருக்குது" என்றாள்.

நல்லபடியாக ஏமாந்துவிட்டாள் என்று அவனுக்கு ஒருபக்கம் நிம்மதி, மறுபக்கம் உறுத்தல்.

கம்பெனி வாசலில் மாமியார் ராமாமணி சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொரியும் சுண்டலும் தயாராக இருந்தன. லேத்துகளுக்கெல்லாம் மாலை போட்டிருந்தது. லட்சுமணசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேகனில் ஏறினார். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாயிற்று. கிருபாசங்கர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. யாருக்காகக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

வண்டி நகர்ந்தது. நாலு பழமும் பதமாக நசுங்கின. ஒரு துளி தெறிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

லட்சுமணசாமி இறங்கவில்லை.

ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். குனிந்து பெடலைப் பார்த்தார். கதவு ஓரத்தை விரலால் தடவினார். பிறகு கண்ணாடி வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்டுபிடித்துவிட்டார் என்று கிருபாசங்கருக்குத் தெரிந்துவிட்டது. ஓடலாமா என்று பார்த்தான். வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள், வழி இல்லை.

அவர் மெதுவாக இறங்கி நேரே அவனிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்து தொண்டையைச் செருமினார். கிருபாசங்கர் முந்திக்கொண்டான்.

"மாமா, நான் சொல்லிப்போடறனுங்க..."

"எதும் சொல்லாதீங்க மாப்ள. தப்பு என்னுதுங்க." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்க மனசு யாருக்கும் வராதுங்க."

மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் வைத்து மூடினார். சைத்ரா தூரத்திலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். கிருபாசங்கருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எந்தத் தப்பு, யாருடைய மனசு? ஆனால் சாவி கனமாக, நிஜமாக இருந்தது. மாமனார் தன்னை மதிக்கிறார். இனி ராத்திரியோடு ராத்திரியாக வண்டியைத் தாராபுரத்தில் விட்டுவிட்டால் போதும். கெட்ட கனவு முடிந்தது.

அவன் நிமிர்ந்தபோது கேட்டைத் தாண்டி ஒருவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு துணிப்பை. சுண்டல் தின்றுகொண்டிருந்த அந்தோணிராஜ் அவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அது ஒன்றே கிருபாசங்கருக்குப் போதுமானதாக இருந்தது. முகமது யூசுப்.

அவரைத் தடுக்க இரண்டடி எடுத்து வைப்பதற்குள் லட்சுமணசாமி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். இருவரும் பல வருஷத்துப் பழக்கம் போலத் தோளில் கை போட்டுக்கொண்டு வேகன் பக்கம் போனார்கள். மாமனார் வண்டியைக் காட்டி எதையோ காதோடு சொன்னார். யூசுப் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி கிருபாசங்கரைப் பார்த்தார். பிறகு அவனை நோக்கி நடந்து வந்தார்.

"தங்கமான பிள்ளைங்க நீங்க" என்றார் யூசுப், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "மக கேட்டதுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராம, பெரியவரு அவரு வண்டிய என்ற ஷெட்ல ஒளிச்சு வெச்சுப்போட்டு, என்ற வண்டிக்கு அவரு நம்பர மாட்டி உங்களுக்குக் குடுத்துட்டாருங்க. மாசாமாசம் தாராபுரம் வந்து அதுல ஒரு ரவுண்டு போயிட்டுத்தான் திரும்புவாரு. நீங்க அதைக் கண்டுபிடிச்சும் ஒரு வார்த்தை கேக்காம, பூஜைக்கு அவரு வண்டியவே கொண்டாந்து நிறுத்திப்போட்டீங்க. மனுசன் அழுதுட்டாருங்க."

கிருபாசங்கர் தலையை ஆட்டினான். வேறெதையும் ஆட்ட முடியவில்லை.

யூசுப் வரிசையில் நின்ற வண்டிகளை ஒருமுறை கண்ணால் துழாவிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சரிங்க தம்பி, பொழுதோட ஊடு போய்ச் சேரோணும். என்ற வண்டி எங்கீங்க?"