நடு ஏரியில் நின்ற பெடல் போட்டு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
9-2-1998

அன்பும் மரியாதையும் மிகுந்த பகவதிப்பெருமாள் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தாணுமாலயன் வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு நேற்றிலிருந்து ஜலதோஷம். அக்காவின் முட்டுவலி தேவலையா?

மீனுவுக்கு நீங்கள் கொண்டுவந்த சம்பந்தத்தை நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதால், தெருக்காரர் கண்ணில் படாமல் பார்க்கில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பையன் சுனிலும் அவன் அம்மா நீலாம்பாளும் வந்தார்கள். அந்த அம்மாள் கையில் பிச்சிப்பூப் பொட்டலம். பிடித்திருந்தால் நாலரை ராகுகாலத்துக்கு முன்னால் பூ வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. "பிள்ளைகள் ரெண்டும் ஒரு சுத்துப் போயிட்டு வரட்டும்" என்று அவர்தான் இருவரையும் பார்க் ஏரியில் பெடல் போட்டில் ஏற்றிவிட்டார். அது கடவுள் தந்த ஏரி இல்லை, அரசாங்கம் தோண்டியது. அதனால் எனக்கு முதலிலேயே நம்பிக்கை இல்லை. நடுவில் போனதும் போட்டு நின்றது. நின்றதென்றால் நின்றதுதான். "மிதிங்க மாப்ளே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரி வடிவு "எம்பிள்ளைக்கு நீந்தத் தெரியாதே" என்று அழுகிறாள். டிக்கெட் கொடுக்கிற ஆள் கடலை கொறித்துக்கொண்டே, "சாரே, பேடிக்கண்டா, அவர் வரும்" என்று எனக்குப் பயப்படாதே சொல்கிறான். எப்ப வரும்? ராகுகாலம் கழிஞ்சா? நீலாம்பாள் வாட்சைப் பார்க்கிறார், பூவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அந்நேரம் மீனு இரண்டு கையையும் ஆட்டினாள். ஐயோ, காப்பாத்தச் சொல்லுகாளே! பெத்த மனசு கேக்குமா? குதித்துவிட்டேன்.

தண்ணீர் இடுப்பளவுதான் அத்தான். ஆனால் சகதி காலைப் பிடித்துக்கொண்டது. வேட்டி என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போட்டை நோக்கிப் போனது. நீலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிறு போட்டு என்னை இழுத்து, டிக்கெட்காரன் துண்டைக் கட்டிவிட்டபோது மணி நாலரை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் போட்டு ஆடி அசைந்து கரைக்கு வந்தது. பூப்பொட்டலம் திரும்பிப் போய்விட்டது. நான் சகதியில் கிடந்து தவிக்கும்போது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தவன், நாளைக்கு என் மகளுக்கு ஒன்றென்றால் எழுந்து வருவானா? இந்த இடம் வேண்டவே வேண்டாம்.

வடிவு உங்கள் இருவரையும் மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

தும்மலுடன்,
தாணுமாலயன்

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் மீனு இதைப் படித்துவிட்டாள். "போட்டு மாட்டல்லப்பா. நாந்தான் மிதிக்காண்டாம்னேன். கல்யாணத்துக்கப்புறமும் வேலைய விடமாட்டேன்னு சொல்லணும்லா? கரையில உங்க எல்லார் முன்னால வாயத் திறக்க முடியுமா? நான் கையாட்டிக் கையாட்டிப் பேசிட்டிருக்கேன், நீங்க குதிச்சிட்டீங்க" என்கிறாள். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "வேலைய ஏன் விடணும்னாரு. அப்பா குதிச்சதும் நான் பதறிட்டேன். தண்ணி இடுப்பளவுதான் இருக்கு, அப்பாக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க சொல்லி முடிங்கன்னாரு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள் அத்தான். கல்யாணப் பேச்சில் இவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நீலாம்பாளைப் பூவோடு மறுபடி வரச் சொல்லுங்கள். வீட்டுக்கே வரட்டும், தெரு பார்த்தால் பார்க்கட்டும்.