சாமி இல்லாதவன் கையைப் பிடிக்கலாமா?

மனிதர்களில் ஆதாரக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேட வேண்டாம், அவரே வந்து கேட்பார். நல்லது செய்தால் இவருக்குப் போதாது. எந்த ஆதாரத்தில் செய்தாய் என்று சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் ஐந்தாம் மாடி ஆதாரக்காரர் முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். மேலிடத்து முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்று குத்திக் குத்தி, கடவுளின் முத்திரை இல்லாத நல்ல குணமும் செல்லாது என்று முடிவுகட்டிவிட்டார்.

பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "தம்பி, சாமி நம்பிக்கை உண்டா?" என்பார். இல்லை என்று பதில் வந்தால், "அப்ப எந்த ஆதாரத்துல எழுந்தே?" என்று குடைந்து, பதில் பிடிக்காமல், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை நின்றே வருவார். தொலைந்த குடையை ஒரு நாத்திகர் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்க மறுத்து நனைந்தார். சளி பிடித்தது. சளி ஆதாரம் கேட்கவில்லை.

போன வாரம் இவரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். நானோ நீர் பிரிய மாத்திரை போட்டிருந்தேன். வெட்கமென்ன, அடிவயிறு வெடிக்கிற மாதிரி முட்டியது.

"பயப்படாதீங்கம்மா," என்றார். "சாமி இருக்கறதாலதான் உங்க சங்கிலியை அறுக்காம நிக்கிறேன். இல்லேன்னா என்னை யாரு தடுப்பா?"

"நான் தடுப்பேன்," என்று முழங்கையைக் காட்டினேன். "எங்க வீட்டுக்காரர் ரெண்டு வேளையும் கும்பிட்டார். கும்பிட்டு எந்திரிச்சுதான் என்னை அடிச்சார்."

"அதுக்குத்தான் நரகம் இருக்கேம்மா."

"அடி வாங்கினது இங்கதானே?"

அதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். சாமி கிடையாது என்று ஊரறியச் சொல்கிறவர். மூன்றாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, ஒரு சின்ன ஏணியை உள்ளே இறக்கி, குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். என் ஆதாரக்காரர் ஏணியை மறித்துக்கொண்டார்.

"நீ பாதியில கையை விட்டா உன்னை யாரு கேப்பா?"

"நானே கேப்பேன் சார். ஏறுங்க."

"வெளிய வர எனக்கு உரிமை இருக்கு. அது கடவுள் குடுத்தது. அவரையே ஒத்துக்காத நீ என் உரிமையை எப்படி ஒத்துக்குவே?"

"உரிமை எத்தனை கிலோன்னு எனக்குத் தெரியாது சார். நீங்க எண்பது கிலோ இருப்பீங்க. அதுக்குத்தான் காலை ஊனிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"இது பதில் இல்லை."

"பெரியம்மாவையாவது விடுங்க சார். மூஞ்சி வெளிறிப்போச்சு."

"ஆதாரமில்லாதவன் கையில ஒரு பொம்பளையை ஒப்படைக்கறது தர்மமா?"

எத்தனை நேரம்தான் அடக்குவது?

"ஐயா, நீங்க நிதானமாப் பேசி முடிங்க. நான் இந்த மூலையிலயே ஒண்ணுக்குப் போயிடறேன்," என்று சேலையை ஒதுக்கிக் குந்தினேன்.

"ஐயய்யோ, அது தப்பும்மா."

"தப்புன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?"

மேலே பார்த்தார். நின்றுபோன மின்விசிறி இருந்தது. கீழே பார்த்தார். தன் புதுச் செருப்பு இருந்தது. அடுத்த நொடி, ஏணியில் கால் பட்டதோ இல்லையோ, அந்தச் சாமியில்லாத கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வெளியே தொங்கிப் போய் விழுந்தார்.

பிறகு நான் ஏறினேன். மெக்கானிக் என் கையை இறுகப் பிடித்தார். ஏன் பிடித்தீர் என்று நான் கேட்கவில்லை. கக்கூஸ் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டேன்.

சிரிக்கிறீர்களா? இத்தனையும் படிக்கும்போது, இந்தக் கிழவி சாமி உண்டென்கிற கட்சியா, இல்லையென்கிற கட்சியா என்று ஒரு தடவையாவது மோப்பம் பிடித்தீர்கள் அல்லவா? அது தெரிந்த பிறகு நான் சொன்னதில் நியாயம் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே இருந்தீர்கள்? போகட்டும், குற்றமில்லை. என்னோடு லிஃப்டில் ஏறினால் மட்டும் வாசலை மறித்து நிற்காதீர்கள்.